மீடியம் ஃபார்மட்: ‘இடையளவு’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஒளிப்படக் கலையில், 35 மி.மீ. படச்சுருளின் படத்தைவிடப் பெரிய, 4×5 அங்குலப் படத்தைவிடச் சிறிய படப்பரப்பைக் குறிக்கும் மீடியம் ஃபார்மட் (medium format) என்பதற்கு ‘நடுத்தர வடிவம்’ என்ற சொல்லைச் சென்ற மடலில் நண்பர் முன்மொழிந்திருந்தார். அதன் இரு பகுதிகளிலும் எனக்குத் தடை உண்டு. ‘நடுத்தரம்’ என்றதும் நம் காதில் முதலில் விழுவது தரம். சுமாரானது என்னும் பொருளும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. 35 மி.மீ. படச்சுருளில் ஒரு படம் 24×36 மி.மீ.; செ.மீ. கணக்கில் 6×6 எனப்படும் சதுரப் படமோ ஏறத்தாழ 56×56 மி.மீ., அதாவது பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். அந்தப் பரப்பு தரும் நுணுக்கத்துக்காகவே இவ்வளவு கனத்தைத் தோளில் சுமக்கிறோம். அதை நடுத்தரம் என்றால் மனம் ஒப்பவில்லை.

‘வடிவம்’ இன்னும் சிக்கலானது. மீடியம் ஃபார்மட் கருவிகளில் இடும் ‘120’ என்னும் ஒரே வகைப் படச்சுருளில், கருவிக்கு ஏற்றபடி, 6×6 சதுரமும் 6×4.5, 6×7, 6×9 ஆகிய நீள்சதுரங்களும் பதிவாகின்றன. எல்லாமே மீடியம் ஃபார்மட்தான். ஆகவே இங்கே ஃபார்மட் குறிப்பது வடிவத்தை அன்று, படப்பரப்பின் அளவை. ‘கோப்பு வடிவம்’ என்று கணினியில் பழகிவிட்டதால் அதே சொல்லை இங்கும் இழுத்துவர வேண்டியதில்லை.

என் பரிந்துரை ‘இடையளவு’. 35 மி.மீ. படத்தை ஒரு காலத்தில் மினியேச்சர் என்றே அழைத்தார்கள்; 4×5 அங்குலத் தனித்தாள் ஃபிலிம்களும் அவற்றினும் பெரியவையும் லார்ஜ் ஃபார்மட். சிற்றளவு, இடையளவு, பேரளவு என்று மூன்றும் ஓரினமாக நிற்கும். ‘பேரளவில்’ என்ற வழக்கோடு குழம்பாதா என்று கேட்கலாம். ‘பேரளவுப் படக்கருவி’ என்று சேர்த்து எழுதும்போது குழப்பம் வராது.

சென்ற மாதம் தரங்கம்பாடிக்குப் பழைய இரட்டை லென்ஸ் கருவி ஒன்றை எடுத்துச் சென்றிருந்தேன். அதை இடுப்பருகே பிடித்து, தலை குனிந்து, மேலுள்ள கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் காட்சியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இடையில் வைத்து எடுப்பது இடையளவு என்று உடன் வந்தவர் சிரித்தார். சொல்லின் பிறப்பு அதுவன்று. நினைவில் நிற்க உதவுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் ஓரிடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். 35 என்பது படச்சுருளின் அகலம். 120 எந்த அளவும் அன்று. 1901இல் கோடாக் கொண்டுவந்த இந்தச் சுருளுக்கு அந்நிறுவனத்தின் வரிசை முறையில் அமைந்த எண் அது. அகலம் 6 செ.மீ.யைச் சற்றே தாண்டும். எனவே ‘120 மி.மீ. படச்சுருள்’ என்று எழுதுவது பிழை. ‘120 சுருள்’ போதும். அதோடு, 44×33 மி.மீ. உணரி (சென்சார்) கொண்ட டிஜிட்டல் கருவிகளும் இன்று மீடியம் ஃபார்மட் என்றே விற்கப்படுவதால், தலைச்சொல்லில் ‘சுருள்’ இடம்பெறாமல் இருப்பதே நல்லது.

இன்னும் ஒரு சொல் வேண்டும். 120 சுருளின் முதுகில் ஒளி புகாமல் காக்கும் நீண்ட தாள் ஒன்று உண்டு. சில கருவிகளின் சிவப்புச் சாளரத்தில் தெரியும் எண்கள் அதில்தான் அச்சாகியிருக்கின்றன. 6×6 கருவியில் பன்னிரண்டாம் படத்தோடு சுருள் முடிந்ததும், நிழலுக்கு ஒதுங்கி, அதன் நுனியிலுள்ள பசைப்பட்டையை நாவால் நனைத்து ஒட்டி மூடுகிறோம். இதற்குப் ‘பின்தாள்’ என்பதா, ‘காப்புத்தாள்’ என்பதா? என் சாய்வு முன்னதன் பக்கம். ஸ்டுடியோ நடத்திய பெரியவர்களை அறிந்தவர்கள், அவர்கள் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதுங்கள்.