நாள்பட்ட தூக்கமின்மை: யாரிடம் அனுப்புவது?

வெளிநோயாளி_டாக்டர்

பொது மருத்துவராக இருக்கிறேன். "தூக்கமே வரமாட்டேங்குது டாக்டர்" என்று வருபவர்களை எங்கே அனுப்புவது என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். போன வாரம் ஒருவர் தடிமனான ஃபைலோடு வந்தார். நரம்பியல் பார்த்தாயிற்று, மூளை ஸ்கேன் நார்மல். காது மூக்கு தொண்டையும் பார்த்தாயிற்று. மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழுகிறார் என்று அந்த ஃபைலில் ஒரு வரி இல்லை. சைக்காலஜிஸ்டைப் பாருங்கள் என்றதும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்துவிட்டார். இவரை நான் எங்கே அனுப்ப?

ராத்திரி_டெக்னீஷியன்

தூக்க ஆய்வகத்தில் வேலை. டாக்டர், ஒரே வேண்டுகோள்: தூக்கமில்லை என்று சொன்ன உடனே எங்களிடம் அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் தூங்காத சிலர், ஒயரை ஒட்டிக்கொண்டு இங்கே படுத்ததும் நன்றாகத் தூங்கிவிடுவார்கள். ரிப்போர்ட் நார்மல் என்று வரும். நாம் பொய் சொல்கிறோம் என்று நினைக்கிறார்களோ என்ற வருத்தம்தான் அவர்களுக்கு மிச்சம்.

பெரிய குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்றதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்தது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது, மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்குமா என்று பார்க்க ஸ்டாப்-பேங் என்று எட்டே கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கோ அதற்கு மேலோ 'ஆம்' வந்தால் எங்கள் பக்கம் தள்ளிவிடலாம். பெண்கள் பல பேர் குறட்டையைச் சொல்வதே இல்லை. "நடுராத்திரி முழிப்பு வந்துடுது" என்றுதான் வருவார்கள். நீங்களாகக் கேட்க வேண்டும்.

தூக்க_டைரி

மருத்துவ உளவியலாளர். தூக்கமின்மைக்கான சிபிடிதான், அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் சிகிச்சைதான், என் அன்றாட வேலை. படுக்கும் நேரம் ஃபைலில் இல்லை என்றீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் டைரி எழுதச் சொல்லுங்கள். ஸ்கேனில் தெரியாதது அதில் தெரியும்.

வாரத்தில் 3 இரவாவது, 3 மாதமாவது, தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல், அதனால் பகல் பொழுதும் கெட்டால்தான் நாள்பட்ட தூக்கமின்மை. இரவு 2 மணிக்குப் படுத்தால் காலை 10 வரை அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறேன், இரவு 10 மணிக்குப் படுத்தால்தான் வரவில்லை என்பவருக்குக் கெட்டது தூக்கம் இல்லை, உடம்புக் கடிகாரம் தள்ளிப்போயிருக்கிறது. காலை வெளிச்சம், மெலடோனின் எல்லாம் நேரம் பார்த்துக் கொடுக்கத் தெரிந்த தூக்க மருத்துவரிடம் அவரை அனுப்புங்கள். படுத்ததும் கால் குறுகுறுக்கிறது, ஆட்டினால்தான் நிம்மதி என்றால் உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். லேப் 'நார்மல்' என்று அச்சடித்திருந்தாலும், இந்தத் தொல்லை உள்ளவருக்கு 75-க்கோ அதற்குக் கீழோ இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பதை யோசிக்க வேண்டும். தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

"மூணு மணி நேரம் தூங்கினாலே போதும், அசதியே இல்லை, தலைக்குள் ஆயிரம் திட்டம் ஓடுது" என்று சொல்பவருக்கு அது பித்து நிலையாக இருக்கலாம்; அவர் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், என்னிடம் இல்லை. உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று எல்லோரிடமும் நேராகக் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் அன்றைக்கே மனநல மருத்துவர். ஆனால் மனச்சோர்வு இருக்கிறது, அது சரியானால் தூக்கம் தானாக வரும் என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு முதல் சிகிச்சை சிபிடிதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் 2017, 2023 இரண்டிலும் அதையேதான் சொல்கின்றன. காபி குடிக்காதே, போன் பார்க்காதே என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவது சிபிடி ஆகாது. என்னிடம் வருகிறவர்கள் அதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டவர்கள். விட்டும் தூக்கம் வராததால்தான் வந்திருக்கிறார்கள்!

"பைத்தியமா" என்று கேட்டவரிடம் பதவிப் பெயரைச் சொல்லாமல், நடக்கப்போவதைச் சொல்லுங்கள். "தூக்கம் எதனாலோ கெட்டது. அந்தக் காரணம் போயிருக்கலாம். ஆனால் இழந்த தூக்கத்தை எப்படியாவது பிடிக்கலாம் என்று சீக்கிரமே படுத்துப் புரள்கிறீர்களே, அதுதான் இப்போது அதை விடாமல் வைத்திருக்கிறது. அந்த நேரத்தை உங்களோடு உட்கார்ந்து சரிசெய்ய ஒருவர் இருக்கிறார்" என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் வந்துவிடுவார்கள்.

வந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் நீங்களே கொஞ்சம் காதில் போட்டுவிடுங்கள். ஒருவர் இரவு 9 முதல் 6:30 வரை படுக்கையில் இருக்கிறார், டைரியின்படி தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்று வையுங்கள். எழும் நேரம் 5:30, படுக்கைக்குப் போவது 12 மணிக்கு என்று ஆரம்பிப்பேன். "தூக்கம் இல்லைன்னு வந்தா இன்னும் குறைக்கச் சொல்றீங்களே" என்று கேட்பார், நியாயம்தான். முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் கண் எரியும், எரிச்சல் வரும். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாக மாறினால், படுக்கை நேரத்தை 15 நிமிடம் கூட்டுவோம். முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் இரண்டாவது வாரத்தோடு காணாமல் போய்விடுகிறார்கள்.

வெளிநோயாளி_டாக்டர்

நன்றி மேடம். அவர் அல்ப்ரசோலம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறார். அதை நிறுத்திவிட்டு அனுப்பவா? கடிதத்தில் என்ன எழுதட்டும்?

தூக்க_டைரி

திடீரென்று நிறுத்தவே கூடாது டாக்டர், வலிப்பு வரைக்கும் போகலாம். இருக்கிற டோஸோடே அனுப்புங்கள். சிபிடி நடக்கும்போதே மருந்து எழுதுகிற நீங்களோ மனநல மருத்துவரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பது மட்டும் எனக்கும் தெரிந்தாக வேண்டும். குறைத்த வாரத்தில் தூக்கம் சறுக்கினால், அது மருந்துக் கணக்கா, நேரக் கணக்கா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

கடிதத்தில் "தூக்கமின்மை, ஆவன செய்யவும்" என்று மட்டும் எழுதாதீர்கள், அப்படித்தான் நிறைய வருகிறது. தூக்கமின்மை எவ்வளவு கடுமை என்று அளக்கும் ஐஎஸ்ஐ கேள்வித்தாள் ஏழே கேள்விதான், மொத்தம் 28 மதிப்பெண். அதில் எவ்வளவு என்று எழுதுங்கள். 15-க்கு மேல் போனால் எனக்கு அவசரம் புரியும். டைரியையும் சேர்த்து அனுப்புங்கள். மருந்துகள், குறட்டை உண்டா இல்லையா, வலிப்பு வந்ததுண்டா, பித்து நிலை வந்ததுண்டா, தூக்கத்தில் நடப்பாரா, எல்லாம் வேண்டும். அப்புறம், என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். லாரி ஓட்டுபவர், உயரத்தில் நின்று வேலை செய்பவர் என்றால் ஐந்தரை மணி நேரத்தில் ஆரம்பிக்க மாட்டேன், நேரத்தை மெதுவாகத்தான் குறைப்பேன்.