மறு: ‘காற்றுக்கசிவு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் குழு தயாரிக்கும் இருசக்கர வண்டிக் கையேட்டின் வரைவில் நானே எழுதிய ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எஞ்சின் சூடேறிய பிறகு ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், தானாக ஏறும் கோளாறுக்கு ‘காற்றுக்கசிவு’ ஒரு காரணம் என்று எழுதியிருந்தேன். அப்போது நம்மில் யாரும் மறுக்கவில்லை. அகராதியைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லைதான். ஆனால் சென்ற சனிக்கிழமை சென்னை தண்டையார்பேட்டைப் பட்டறையில் அந்தச் சொல்லால் ஒரு பையன் தடம்மாறிப் போனதை நேரில் பார்த்தேன்.

வண்டி பழைய நூறு சிசி. காலையில் சோக் போட்டுக் கிளப்பினால் ஒழுங்காக ஓடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அரைமணி நேரம் ஊர்ந்துவிட்டால் போதும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே நின்ற இடத்தில் உறுமும். இந்த வகை வண்டிக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று போதும். அதைவிட வெகுவாக ஏறிவிட்டது காதுக்கே தெரிந்தது.

தொழில் பழகும் பையன் என் வரைவைப் படித்திருந்தான். ‘கசிவு’ என்று இருந்ததால் எஞ்சினை அணைத்தான், சோப்புத் தண்ணீர் கரைத்தான், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போல இணைப்புகளில் தடவிவிட்டுக் குமிழி வருமா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கிருந்து வரும்? “கசிவு இல்லை சார்” என்று சொல்லிவிட்டு ஐட்லிங் திருகைத் தளர்த்தப் போனான். முழுக்கத் தளர்த்தியும் உறுமல் இறங்கவில்லை.

பட்டறைப் பெரியவர் எழுந்து வந்தார். எஞ்சினை மறுபடி கிளப்பச் சொன்னார். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பினார். சத்தம் மாறாததால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுக்கவில்லை என்று தெரிந்தது. பிறகு பக்கத்து இஸ்திரிக் கடையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை வாங்கி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டருக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவே இருக்கும் ரப்பரின் அடிப்பக்கத்தில் இரண்டு முறை பீச்சினார். உறுமல் சட்டென்று இறங்கித் தடுமாறியது; தண்ணீர் வற்றியதும் பழையபடி ஏறியது. ரப்பரைக் கழற்றி விரலால் மடக்கிக் காட்டினார். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாத இடத்தில் நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது.

“வெளியே போகவில்லை தம்பி, உள்ளே ஏர் எடுக்கிறது” என்றார்.

நாம் கோட்டைவிட்டது இதைத்தான். பானை கசியும், கண் கசியும், செய்தி கசியும். எல்லாமே உள்ளே இருப்பது வெளியே வருவது. இங்கே பிஸ்டன் கீழே இறங்கும்போது உறிஞ்சுகிறது. வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிராமுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கைப் பார்ப்பது கார்பரேட்டர். வெடிப்பில் நுழையும் காற்று கார்பரேட்டர் வழியாக வராததால் கணக்கில் சேர்வதில்லை; ஐட்லிங் ஏறிவிடுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் தடித்து இழுத்துப் பிடிக்கும். சோக் கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும். அதனால் கோளாறு மறைந்துகொள்ளும். சூடேறி, எண்ணெய் இளகி, சோக்கையும் எடுத்துவிட்டால் அது வெளியே தெரிகிறது.

‘காற்றுக்கசிவு’க்குப் பதிலாகப் பிறகு குழுவில் வந்த மாற்றுச் சொற்களுக்கு வருகிறேன். ‘உட்கசிவு’ திசையைச் சரிசெய்கிறது, ஆனால் கசிவு என்றதும் சொட்டும் ஈரமும்தான் மனத்தில் வருகின்றன. பையன் மறுபடி சோப்புத் தண்ணீரைத்தான் தேடுவான். ‘புறக்காற்று’ போதாது, எஞ்சினுக்குள் போகும் காற்று எல்லாமே புறத்திலிருந்து வருவதுதான். ‘அளவிலாக் காற்று’ என்று எழுதிய நண்பர் அளக்கப்படாத காற்று என்ற பொருளில் எழுதினார். தமிழ்க் காதுக்கு அது ‘அளவிலா அருள்’ போல எல்லையற்ற காற்றாகிவிடுகிறது. அழகான சொல், இந்த வேலைக்கு ஆகாது.

நான் முன்வைப்பது கள்ளக்காற்று. கள்ளத்தோணி, கள்ளச்சாவி, கள்ளக்கணக்கு என்ற வரிசையில் இது தானாக உட்கார்ந்துகொள்கிறது. உரிய வாசலில் நுழையாதது, கணக்கில் வராதது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ஜெர்மன் மெக்கானிக்குகளும் இதை ‘ஃபால்ஷ்லுஃப்ட்’, அதாவது பொய்க்காற்று என்றே சொல்கிறார்கள். ‘கள்ளநோட்டு என்றால் போலி, இந்தக் காற்று போலியில்லையே’ என்ற மறுப்பு வரும் என்று தெரியும். கள்ளத்தோணியில் தோணி அசல்தான், வழிதான் கள்ளம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றை வரும் திசையால் பெயரிட்டு அழைக்கும் கடற்கரை இது. வந்த வழியால் இன்னொரு காற்றுக்குப் பெயர் வைப்பது இங்கே யாருக்கும் விசித்திரமாகப் படாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். காசிமேட்டு விசைப்படகில் டீசல் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக் குழாய் தளர்ந்தால் டீசல் சொட்டாமலே காற்று உள்ளே ஏறி எஞ்சின் நின்றுவிடும். வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் உறிஞ்சு குழாயிலும் இதே கதை. மூன்று இடத்திலும் மெக்கானிக்குகளின் பேச்சு ஒன்றுதான்: ஏர் எடுக்கிறது. அந்த வினையை நாம் மாற்ற வேண்டாம். ‘கள்ளக்காற்று எடுக்கிறது’ என்று பெயரை மட்டும் சேர்த்தால் போதும். பட்டறைப் பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பையனிடம் “கள்ளக்காற்றுக்குப் புது ரப்பர் வாங்கிவா” என்று அனுப்பினார்.

ஐட்லிங் என்ற சொல்லை இந்தச் சுற்றில் அப்படியே விடுகிறேன். ‘செயலற்ற வேகம்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எரிந்துகொண்டும் எண்ணெயைச் சுழற்றிக்கொண்டும் இருக்கும் எஞ்சினைச் செயலற்றது என்று எப்படிச் சொல்வது? அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

திருத்திய பதிவு கீழே இருக்கிறது. மறுப்பு இருந்தால் வரும் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

‘கள்ளக்காற்று: கார்பரேட்டர் வழியாக வராமல், வெடித்த ரப்பர் அல்லது தளர்ந்த இணைப்பு வழியாக எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும் காற்று. எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். இணைப்பில் தண்ணீரைப் பீச்சும்போது ஓட்டம் மாறினால் அங்கே கள்ளக்காற்று எடுக்கிறது. சூடான எஞ்சினில் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கக் கூடாது.’