ஈறு நோய்க்கு ஹோமியோபதி: லேபில் வெள்ளை அணுக்களை வைத்துச் செய்யும் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம்?

கீழக்கரையான்:
வாப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. கொஞ்ச நாளாகப் பல் தேய்த்தாலே ஈறில் ரத்தம், கீழ் முன்பல் இரண்டு ஆடுகிறது. பல் டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றால் மாமா விடமாட்டேன் என்கிறார். ஈறு நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து ஹோமியோ மருந்தை விட்டார்களாம், அணுக்கள் சுறுசுறுப்பாகிக் கிருமியை விழுங்கினவாம், வாட்ஸ்அப்பில் வந்ததாம். "எதிர்ப்பு சக்தி ஏறினால் பல் தானே இறுகும், சுரண்டினால்தான் ஆடும்" என்கிறார். அப்படி ஒரு சோதனை நடந்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் லேப்காரி:
முதலில் கேட்க வேண்டியது, எதோடு ஒப்பிட்டார்கள் என்று. இந்த மருந்துகள் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்துக் குலுக்கித் தயாரிப்பவை, அந்த ஆல்கஹாலே நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களின் வேலையை மாற்றிவிடும். அதனால் மருந்து சேர்க்காத, அதே மாதிரி குலுக்கிய ஆல்கஹாலையும் பக்கத்திலேயே வைத்துப் பார்த்திருக்க வேண்டும், எந்தக் குப்பியில் எது என்பது அணுக்களை எண்ணுகிறவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. நியூட்ரோபில்லை வெளியே எடுத்தால் ஒரு நாள் தாங்குவதே பெரிது, வைத்திருக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் முடிவு மாறும்.

அடையாளம் மறைப்பது ஏன் முக்கியம் என்றால், 1988-இல் பிரான்ஸின் பென்வெனிஸ்ட் குழு, மூலக்கூறே மிஞ்சாத அளவுக்குக் கரைத்த எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பேசோபில் என்ற வெள்ளை அணுவைத் தூண்டுகிறது என்று நேச்சர் இதழில் எழுதியது. இதழின் ஆசிரியர் மேடாக்ஸ், மந்திரவாதி ராண்டி உட்பட மூன்று பேர் லேபுக்கே போய், குப்பிகளின் அடையாளத்தை மறைத்து, எந்தக் குப்பியில் எது என்ற குறிப்பை உறையில் போட்டு கூரையில் ஒட்டிவைத்து எண்ணச் சொன்னார்கள். விளைவு காணாமல் போனது!

சாயல்குடி சித்தப்பா:
தம்பி, எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். என் வீட்டம்மாவுக்கு ஈறு வீக்கம் உருண்டையில்தான் வற்றியது. கலெண்டுலா போட்டு வாய் கொப்பளித்தால் இதமாக இருக்கிறது, அதுவும் பொய்யா?

மண்டபம் லேப்காரி:
அண்ணே, கலெண்டுலா தாய்த் திரவத்தில், அதாவது இன்னும் கரைக்காத மூலக் கரைசலில், செடியின் சாறு நிஜமாகவே இருக்கிறது, லேபில் அது ஏதாவது செய்தால் ஆச்சரியமில்லை, 30சி உருண்டைக்கு அதைச் சாட்சியாக்க முடியாது. 30சி என்றால் 1-க்குப் பின் 60 சைபர் மடங்கு கரைத்தது, 12சி தாண்டினாலே மூலப்பொருள் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது சந்தேகம். அதற்காகக் குறைவாகக் கரைத்ததெல்லாம் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள், மெர்க் சால் என்ற பாதரச மருந்தில் 3எக்ஸ், அதாவது ஆயிரம் மடங்கே கரைத்தது, என்றால் பாதரசம் இருக்கும். வீக்கம் வற்றியதை நான் மறுக்கவில்லை. ஈறு வீக்கம் ஏறி இறங்கும், வற்றிய பிறகும் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம்.

பரமக்குடி பல்லன்:
பல் மருத்துவம் படித்தவன் என்ற முறையில் மாமாவின் கணக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். ஈறு நோயில் எதிர்ப்பு சக்தி குறைந்து போனதுதான் சிக்கல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் எலும்பைக் கரைப்பதில் பெரும் பங்கு நம் அணுக்களுடையதுதான். பல்லடியில் படிந்த காரையில் கிருமிகள் குடியிருக்க, அவற்றை விரட்ட வந்த நியூட்ரோபில்லும், கிருமியை விழுங்கும் இன்னொரு வகை அணுவான மேக்ரோபேஜும் நிறுத்தாமல் ரசாயனங்களைக் கக்க, அதில் எலும்பைத் தின்னும் அணுக்கள் தூண்டப்படுகின்றன. வலைக்குள் மாட்டிய நண்டைப் பிடிக்கிறேன் என்று வலையையே அறுப்பது மாதிரி. லேபில் அணுக்கள் சுறுசுறுப்பானால் அது நல்லதா கெட்டதா என்பதே இந்த நோயில் சட்டென்று சொல்ல முடியாது.

காரை கல்லாக இறுகிவிட்டால் எந்த உருண்டையும் கரைக்காது, ஸ்கேலிங் என்று அந்தக் கல்லைச் சுரண்டி எடுப்பதுதான் வழி. எடுத்ததும் பல் கொஞ்சம் ஆடுவது போலத் தெரியும், காரணம் பற்களைக் கட்டிப்போட்டிருந்த கல் போய்விட்டது, அவ்வளவே. மாமா கேட்ட வதந்தி இதிலிருந்து வந்ததுதான். அப்புறம் சர்க்கரைக்காரருக்கு இன்னொரு லாபம்: ஈறுக்குச் சிகிச்சை பார்த்தவர்களிடம் மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சுமார் 0.4 புள்ளி இறங்குவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வாப்பா பீடி, சிகரெட் பிடிப்பாரா? பிடித்தால் ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும், நோய் குறைந்ததாக அர்த்தமில்லை.

கீழக்கரையான்:
சிகரெட் உண்டு, உம்மாவுக்குத் தெரியாமல். இதயத்துக்கு ஆஸ்பிரினும் போடுகிறார். ஸ்கேலிங்குக்கு முன்னால் நிறுத்தணுமா?

பரமக்குடி பல்லன்:
நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரைச் சீட்டையும் கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் கொண்டு போய் முதலிலேயே காட்டுங்கள். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் தொடரச் சொல்லியே செய்வார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், வெறும் வயிற்றோடு வேண்டாம்.

சாயல்குடி சித்தப்பா:
அது சரி, மாமாவையும் கூடவே கூட்டிப் போங்க. அவர் பல்லையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லலாம்.