பால் குடிக்க முடியவில்லை, கல்சியத்துக்கு என்ன செய்யலாம்?

அக்காமார், அனுபவப்பட்ட அம்மாமார் கொஞ்சம் உதவுங்கோ. நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், வயிற்றில் பிள்ளைக்கு இது அஞ்சாம் மாதம். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கல்சியமாவது வேண்டுமாம். பால்மா வாசம் வந்தாலே குமட்டுகிறது. மாமியோ இன்னும் கோப்பையோடு பின்னாலேயே வருகிறா!

எருமைத் தயிர் மட்டும் ஒத்துக்கொள்கிறது. ஒரு கோப்பையில் கிட்டத்தட்ட 300 மில்லிகிராம் கிடைக்கும் என்கிறார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பாலை நன்றாகக் காய்ச்சி உறைய வைக்கும் ஆட்கள் யாரையும் தெரியுமா? பச்சைப்பால் தயிர் இந்த நேரத்தில் பயம்.

நெத்தலியை முள்ளோடு சாப்பிடலாம், ஆனால் கருவாடு சரியான உப்பு. பச்சை நெத்தலியை முள் தெரியாமல் சமைக்க ஒரு வழி சொல்லுங்கோ. குரக்கன் கூழ், முருங்கையிலைச் சுண்டல் போக வேறு என்ன செய்கிறீர்கள்?

அப்புறம் குளிசை. கிளினிக்கில் கல்சியத்தையும் இரும்புச்சத்தையும் சேர்த்துப் போட வேண்டாம் என்றார்கள், இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறையுமாம். வேலைக்குப் போகிறவர்கள் எதை எந்த நேரம் போடுகிறீர்கள்? தேத்தண்ணியும் இரும்புச்சத்துக் குளிசைக்குக் கிட்ட வரக்கூடாதாம், அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல்.