கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறேன், நடந்தால் தொடை வலி: மாத்திரையை நிறுத்தவா, நடையை நிறுத்தவா?

கடலூர் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 53, மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 172 வந்ததால் டாக்டர் அட்டர்வாஸ்டாட்டின் என்ற மாத்திரை 20 மி.கி. எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கவும் சொன்னார். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. முன்பு மைதானத்தைச் சுற்றி நடப்பேன். மாத்திரை ஆரம்பித்த சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்காவோடு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போகத் தொடங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடப்போம். வீட்டுக்கு வந்து வீடியோ பார்த்து ஸ்குவாட்டும் செய்வேன்.

இப்போது இரண்டு தொடையும் கெண்டைக்காலும் வலிக்கிறது. பள்ளியில் மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "அந்த மாத்திரை சதையைத் தின்னுடும், நிறுத்து" என்கிறார் அக்கா. தம்பியோ நடப்பதை நிறுத்தச் சொல்கிறான். டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். அதுவரை என்ன செய்வது?

புதுவை ஃபிசியோ:
டீச்சர், முதலில் ஒரு விஷயம். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகிறதா? காய்ச்சல், உட்கார்ந்தால் எழ முடியாத பலவீனம் இருக்கிறதா? இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை பெரிய அளவில் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. மிக அபூர்வம்தான், ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது.

அது இல்லை என்றால் வலி எப்போது, எப்படி வருகிறது என்று கவனியுங்கள். பழக்கமில்லாத உடற்பயிற்சியால் வரும் வலி, செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்தில் இருக்கும், பிறகு தானாக விலகும். மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு போன்ற பெரிய தசைகளில் இருக்கும். ஓய்வு எடுத்த நாளிலும் விடாது. ஒரு காலில் மட்டும், நடக்கும்போது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் சில நிமிடங்களில் சரியாகிறது என்றால் அது வேறு கதை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். அதை மாத்திரை மேல் பழி போட்டு விட்டுவிடக் கூடாது.

அப்புறம் அந்த மணல். அதே வேகத்தில் கெட்டியான தரையில் நடப்பதைவிட, பொதபொதவென்ற மணலில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கெண்டைக்கால் ஒவ்வொரு அடிக்கும் புதைந்து புதைந்து எழ வேண்டும். அதோடு ஸ்குவாட் வேறு. எந்த மாத்திரையும் போடாதவருக்கே வலிக்கும்.

மெடிக்கல் அண்ணன், திருப்பாதிரிப்புலியூர்:
மேடம், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே. நம் ஊர் வேர்வையில் படர்தாமரை வந்து, கடையில் கேட்டு இட்ராகோனசோல் வாங்கிச் சாப்பிடுபவர்கள் அதிகம். அதையும் அட்டர்வாஸ்டாட்டினையும் சேர்த்துப் போட்டால் மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும், தசை வலி வரும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். வேறு எதற்காக டாக்டரைப் பார்த்தாலும் கொலஸ்ட்ரால் மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள்.

கேட்க வேண்டிய இன்னொன்று: தைராய்டு பார்த்தீர்களா? தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும். உங்கள் வயதுப் பெண்களுக்கு நான் முதலில் கேட்கிற கேள்வியே இதுதான்.

ஸ்டென்ட் வைத்தவன்:
வணக்கம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த நான், உங்கள் மாத்திரை போலவே ஸ்டாட்டின் வகையான ரோசுவாஸ்டாட்டின் போட்டுக்கொண்டு தினமும் நடக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. இந்த மாத்திரை பற்றிய பயமே பாதி வலி. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020இல் சாம்சன் என்றொரு ஆய்வை வெளியிட்டது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. மாத்திரை போட்ட மாதங்களில் கூடிய தொந்தரவில் 90 சதவீதம் மருந்தில்லாத மாத்திரையிலும் வந்தது. நீங்களும் அக்கா பேச்சைக் கேட்டுப் பயந்துவிட்டீர்களோ?

புதுவை ஃபிசியோ:
சார், அந்த ஆய்வு உண்மைதான். ஆனால் அதிலும் வலி உண்மையான வலிதான், காரணம்தான் வேறு. டீச்சருக்கு மாடி ஏறவே கைப்பிடி தேவைப்படுகிறது. பயம் என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது, சோதித்துவிட வேண்டும்.

டீச்சர், டாக்டருக்குப் போன் போட்டு, சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். பரிசோதனையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வரலாமா என்று கேளுங்கள். சி.கே. என்பது தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் நொதி. கடும் உடற்பயிற்சியாலேயே அது எகிறும். அதனால் ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் மணலும் ஸ்குவாட்டும் வேண்டாம், இல்லையென்றால் ரிப்போர்ட் எல்லோரையும் குழப்பும். உச்சவரம்பைப் போல் 10 மடங்கு தாண்டினால் மாத்திரையை உடனே நிறுத்துவார்கள். கொஞ்சம் கூடியிருந்தால் வலியையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

கடலூர் டீச்சர்:
டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். சிறுநீர் நிறமெல்லாம் சாதாரணம்தான். வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை. சி.கே. உச்சவரம்பைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் டி.எஸ்.ஹெச். 24! தைராய்டு குறைந்தால் இந்த எண் ஏறுமாம். முடி கொட்டுவது, சோர்வு, எடை ஏறுவது எல்லாமே வயதின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தைராய்டுக்குத் தைராக்ஸின் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார், காலையில் வெறும் வயிற்றில். தைராய்டு சரியானால் எல்டிஎல்லும் இறங்க வாய்ப்பு உண்டாம். அதனால் அட்டர்வாஸ்டாட்டினை இப்போதைக்கு நிறுத்திவைத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ஹார்ட் பிரச்சினை எதுவும் இல்லாததால் காத்திருக்கலாம் என்று டாக்டரே சொன்னார். ஸ்டென்ட் வைத்த சார் மாதிரி இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மெடிக்கல் அண்ணனுக்கு மிகவும் நன்றி, நீங்கள் கேட்காவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது. அதுவரை நடக்கலாமா ஃபிசியோ சார்?

ஸ்டென்ட் வைத்தவன்:
நல்ல செய்தி டீச்சர். தைராய்டு எனக்குத் தோன்றவே இல்லை. பயம் என்று சொன்னதற்கு மன்னியுங்கள்.

புதுவை ஃபிசியோ:
தாராளமாக நடக்கலாம், ஆனால் பழைய மைதானத்தில், ஷூ போட்டுக்கொண்டு. பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். நடக்கும்போது அக்காவோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். மறுநாள் காலையில் வலி கூடவில்லை என்றால் சில நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஏற்றுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதை எட்ட அவசரமே வேண்டாம். கிளம்புமுன் தண்ணீர் குடியுங்கள், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். கைப்பிடி இல்லாமல் மாடி ஏற முடிகிற வரை ஸ்குவாட் வேண்டாம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். பீச்சுக்குப் போகத் தோன்றினால் அலை தொட்டுப் போன ஈர மணல் ஓரமாக நடங்கள், அங்கே கால் புதையாது.