கப்பல் எஞ்சினின் 4-ஆம் யூனிட் லைனரில் (சிலிண்டர் உட்சுவரில்) ஒரு பக்கம் மட்டும் வறட்டுக் கோடு: சிலிண்டர் ஆயிலைக் கூட்டலாமா?

செகண்ட்_பல்க்கர்:
வணக்கம். எஞ்சின் மேன் பி அண்ட் டபிள்யூ 6எஸ்60எம்சி-சி, ஆல்ஃபா லூப்ரிகேட்டர் (சிலிண்டருக்கு எண்ணெய் செலுத்தும் கருவி). கப்பல் சிங்கப்பூர் நங்கூரத்தில் நிற்கிறது, புறப்பட இரண்டு நாள். ஸ்க்ரப்பர் (புகையிலுள்ள சல்ஃபரைக் கழுவும் கருவி) வாஷ்வாட்டர் பம்ப் பழுதானதால் கடைசி 18 நாள் சல்ஃபர் குறைந்த எரிபொருளான 0.45% சல்ஃபர் விஎல்எஸ்எஃப்ஓ-வில்தான் ஓடினோம். சிலிண்டர் ஆயிலை மட்டும் மாற்றவில்லை. பிஎன் (சல்ஃபர் தரும் அமிலத்தை முறிக்கும் காரத்தின் அளவு) 100, ஃபீட் ரேட் (எண்ணெய் செலுத்தும் அளவு) 0.65 கிராம்/கிலோவாட்-மணி. பிஎன் 40 இன்னொரு டேங்கில் இருக்கிறது.

4-ஆம் யூனிட்டில் கம்ப்ரெஷன் பிரஷர் மற்றவற்றின் சராசரியைவிட 6 பார் குறைவு, எக்ஸாஸ்ட் வெப்பம் 22 டிகிரி கூடுதல். இன்ஜெக்டர்களை மாற்றியும் வித்தியாசம் இல்லை. ஸ்கேவெஞ்ச் போர்ட் (லைனரின் கீழ்ப்பகுதியில் காற்று நுழையும் துளை) வழியாகப் பார்த்ததில்:

எல்லா பிஸ்டனிலும் டாப்லேண்டில் (முதல் ரிங்குக்கு மேலுள்ள பிஸ்டன் பக்கத்தில்) வெளிறிய சாம்பல் நிறப் பொருக்கு. 4-இல் முதல் ரிங் முகத்தில் செங்குத்தான சொரசொரப்புக் கோடுகள், கீழ் விளிம்பு கூராக இருக்கிறது. இரண்டாவது ரிங் மரக்குச்சியால் அழுத்தினால் துள்ளவில்லை. லைனரில் எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மங்கிய வறண்ட பட்டை. மற்ற இடமெல்லாம் எண்ணெய்ப் பசை இருக்கிறது.

"4-க்கு ஃபீட் ரேட்டை 1.2 ஆக்கிவிட்டுக் கிளம்பலாம்" என்கிறார் சீஃப். சரியா?

டாப்லேண்ட்:
பிஎன் 100 ஓடும் வரை கூட்டாதீங்க. லைனர் வறண்டால் கை தானாக ஃபீட் ரேட் பக்கம் போகும், ஆனால் இங்கே அதுவே கேட்டை வளர்க்கும்.

கணக்கைப் பாருங்க. ஏசிசி ஃபாக்டர் (ஒரு சதவீத சல்ஃபருக்கு எவ்வளவு எண்ணெய் என்ற எண்) 0.30 என்று வைத்தால் 3.5% சல்ஃபருக்கு 1.05 கிராம் வேணும். 0.45%-க்கு அதே எண்ணெயில் 0.135 கிராமே போதும். படலம் நிற்க வேண்டும் என்பதால் 0.6-க்குக் கீழே இறக்க முடியாது. அதாவது அமிலத்துக்குத் தேவையானதைப்போல் நாலு மடங்குக்கு மேல் காரம் உள்ளே போகுது. சண்டை போட அமிலம் கிடைக்காத கால்சியம் டாப்லேண்டில் கல்லாகப் படியும். 1.2 ஆக்கினால் கல் இரட்டிப்பாகும்.

முதலில் ஒரு விஷயம் பாருங்க: பொருக்கை நகத்தால் கீறினால் உதிருதா? அதன் மேல்முகம் எங்கேயாவது பளபளக்குதா? பளபளத்தால் அது லைனரைத் தொட்டுத் தேய்க்குது, எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுக்குது என்று அர்த்தம். பிஸ்டன் க்ளீனிங் ரிங் (டாப்லேண்ட் படிவைச் சுரண்டும் வளையம்) இருந்தும் இவ்வளவு படிந்ததா என்றும் பாருங்க.

டிரெயின்_காக்:
ஒரு மாற்றுக் கருத்து. விஎல்எஸ்எஃப்ஓ ஓட்டும்போது ரிங் பேக் (பிஸ்டன் ரிங்குகளின் தொகுதி) அழுக்கானால் சுத்தம் செய்ய இடையிடையே பிஎன் 100 போடுவது நடைமுறைதானே? கழுவும் திறன் அதில்தானே அதிகம்?

டாப்லேண்ட்:
உண்மைதான், ஆனால் அது ரிங் க்ரூவில் கறுத்து மெத்தென்று ஒட்டும் கார்பனுக்கு, அதுவும் குறைந்த காலத்துக்கு. இவர் சொல்வது வெளிறிய பொருக்கு, 18 நாள் விடாமல் ஓடியது. மெத்தென்ற கறுப்புக்கு ஒரு மருந்து, கெட்டியான வெளுப்புக்கு வேறு மருந்து.

போர்ட்_டார்ச்:
பொருக்கு ஆறு யூனிட்டிலும் இருக்கிறது, வறட்சி 4-இல் மட்டும். அதனால் பிஎன் பாதிக் காரணம்தான். அந்த உள்ளங்கை அகலப் பட்டையை விடாதீர்கள். ரிங் க்ரூவுக்குள் சுற்றும், அதனால் ரிங்கில் உள்ள கோட்டை வைத்து இடம் சொல்ல முடியாது. லைனர் சுற்றாது. லைனரில் ஒரே இடத்தில் வறட்சி என்றால் அந்தப் பக்கக் குவில்லை (லைனருக்குள் எண்ணெய் விடும் முனையை) சந்தேகப்படணும்.

அலாரம் வரலையே என்று நினைக்காதீர்கள். ஃபீட்பேக் சென்சார் லூப்ரிகேட்டர் பிஸ்டன் ஓடியதை மட்டும் பார்க்கும். எந்தக் குவில்லுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. குவில்லின் நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) கசிந்தாலும், குழாய் ஜாயின்ட் ஒழுகினாலும் எச்எம்ஐ-யில் (லூப்ரிகேட்டரின் கட்டுப்பாட்டுத் திரையில்) எல்லாம் சரியாகவே தெரியும்.

சோதனை: 4-ஐ பாட்டம் டெட் சென்டருக்குக் கொண்டு வாருங்கள். எச்எம்ஐ-யில் ப்ரீலூப் (எஞ்சின் நிற்கும்போதே எண்ணெய் செலுத்துவது) அழுத்துங்கள். போர்ட் வழியே டார்ச்சை மேல்நோக்கி அடித்து, ஒவ்வொரு குவில் துளையிலிருந்தும் எண்ணெய் வழிகிறதா என்று ஒருவர் எண்ணணும். வழியாத துளை அந்தப் பட்டைக்கு நேராக இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

பழக்கமான வேலை என்று இதை மட்டும் விடாதீர்கள்: ஸ்டார்ட்டிங் ஏர் மெயின் வால்வு மூடி டேக், டர்னிங் கியர் எங்கேஜ், இண்டிகேட்டர் காக் எல்லாம் திறப்பு, ஆக்ஸிலரி ப்ளோயர் பிரேக்கர் லாக். ஜாக்கெட் வாட்டரும் பிஸ்டன் கூலிங் ஆயிலும் ஓடட்டும், ஓடினால்தான் கசிவு கண்ணில் படும். ஸ்கேவெஞ்ச் காற்று ரிசீவருக்குள் இறங்குமுன் ஆக்ஸிஜன் 20.9% காட்டணும். டர்னிங் கியர் ரிமோட் போர்ட்டில் நிற்பவர் கையில்தான் இருக்கணும்.

டிரெயின்_காக்:
கேட் ஃபைன்ஸாக (எரிபொருளில் வரும் கடினமான அலுமினியம்-சிலிக்கான் துகள்களாக) இருக்க வாய்ப்பில்லையா?

போர்ட்_டார்ச்:
பங்கர் (எரிபொருள்) ரிப்போர்ட்டில் அலுமினியம் + சிலிக்கான் பாருங்கள். ஐஎஸ்ஓ 8217-படி ஆர்எம்ஜி 380 தர எரிபொருளுக்கு 60 மி.கி./கிலோ வரை வரலாம். எஞ்சின் இன்லெட்டில் 15-க்கு மேல் போகக் கூடாது. ஆனால் கேட் ஃபைன்ஸ் ஒரு யூனிட்டின் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் தேய்க்காது. ஆறிலும் தேய்மானம் ஏறும், ஃப்யூயல் பம்ப் பிளஞ்சரும் சேர்ந்து தேயும். ப்யூரிஃபையருக்கு முன்னும் பின்னும் சாம்பிள் எடுத்து அனுப்பிவிடுங்கள், அதோடு இதை மூடலாம். ஏர் கூலர் ட்ரெயினும் மிஸ்ட் கேச்சர் (காற்றிலுள்ள நீர்த்துளியைப் பிடிப்பது) ட்ரெயினும் தண்ணீர் விடுகின்றனவா என்றும் ஒரு பார்வை. சிங்கப்பூர் ஈரக்காற்றில் அவை அடைத்தால் தண்ணீர் நேராக லைனருக்குப் போகும்.

செகண்ட்_பல்க்கர்:
நன்றி. பொருக்கு நகத்துக்கு அசையவில்லை; ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் சில்லாகத் தெறிக்கிறது. 4-இல் இரண்டு இடத்தில் பளபளப்பு. ட்ரெயின்கள் சரி. ப்ரீலூப்பில் எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு குவில் வழியவே இல்லை, பட்டைக்கு நேர் மேலே. அந்த நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றினால் உள்ளே கரி, ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. ஸ்க்ரேப்-டவுன் ஆயிலில் (லைனரிலிருந்து கீழே வழிந்து வரும் பழைய எண்ணெயில்) இரும்பு: 4-இல் 640, மற்றவற்றில் 90 முதல் 140 மி.கி./கிலோ. மீந்த பிஎன் 78.

டாப்லேண்ட்:
மீந்த பிஎன் 78 என்றால் போன காரத்தில் முக்கால்வாசிக்கு மேல் வேலையே இல்லாமல் கீழே வந்திருக்கு. இனிச் செய்ய வேண்டியது:

4-இன் எல்லாக் குவில்லுக்கும் புது நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்க, ஒன்றோடு நிறுத்தாதீங்க. குழாயில் உள்ள காற்று வெளியேறும் வரை ப்ரீலூப் கொடுத்து, ஒவ்வொரு துளையும் வழிவதைத் திரும்ப எண்ணுங்க. பிறகு சிஸ்டத்தை பிஎன் 40-க்கு மாற்றுங்க. டேங்க் வால்வைத் திருப்பிவிட்டு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். லைனில் இருக்கும் பழைய எண்ணெய் தீர நேரம் ஆகும், ஃபீட் ரேட்டை வைத்து அதைக் கணக்குப் போடுங்க.

அதுக்கப்புறம் சீஃப் சொன்ன 1.2 சரி. 4-க்கு மட்டும், முதல் 24 மணி நேரம். கூடவே 4-இன் ஃப்யூயல் இண்டெக்ஸை (எரிபொருள் செலுத்தும் அளவை) குறைத்து வையுங்க. மற்ற யூனிட்களோடு பிஸ்டன் அண்டர்சைடு வெப்பத்தை ஒப்பிட்டுக்கொண்டே லோடை மெல்ல ஏற்றுங்க. அங்கே சூடு ஏறினால் உடனே ஸ்லோ டவுன்.

பிஸ்டனை எப்போ தூக்குவது? இரண்டாவது ரிங் ஒட்டியிருக்கு, கம்ப்ரெஷன் 6 பார் இறங்கியிருக்கு. மேன் அனுமதிக்கும் வித்தியாசம் சராசரியிலிருந்து 3 பார்தான். அடுத்த துறைமுகம் வரை தள்ளுவதைவிட இங்கேயே தூக்குவது நல்லது. துறைமுகத்திடம் இம்மொபிலைசேஷன் (எஞ்சினை இயக்க முடியாதபடி பிரிக்கும்) அனுமதியை இன்றே கேளுங்க.

செகண்ட்_பல்க்கர்:
அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்று. லைனரை ஹோன் பண்ணணுமா (உட்சுவரை அரைத்துச் சீராக்கணுமா)? மற்ற ஐந்திலும் உள்ள பொருக்கு தானாகப் போகுமா?

போர்ட்_டார்ச்:
லைனர் கேஜிங் எடுங்கள். தேய்மானம் போர் அளவில் 0.8%, உங்கள் 600 மி.மீ. லைனருக்கு 4.8 மி.மீ. தொட்டால் லைனரே மாற்றணும். அதற்குள் இருந்தால் வறண்ட பட்டையின் கடினமான மேல்தோலை அரைத்தெடுக்கணும். அதை விட்டுவிட்டுப் புது ரிங் போட்டால் ரிங்கை அது தின்றுவிடும். க்ரூவில் ரிங் க்ளியரன்ஸைப் பல இடத்தில் ஃபீலரால் பாருங்கள். டாப்லேண்ட் பொருக்கைக் கையாலேயே சுரண்டுங்கள்.

மற்ற ஐந்தும்: பிஎன் 40-இல் புதிதாகப் படியாது, பழையது மெதுவாக உதிரும். உதிர்ந்த சில் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே போகலாம், அதனால் அடுத்த நங்கூரத்தில் ஆறு யூனிட்டையும் போர்ட் வழியே திரும்பப் பாருங்கள். அதுவரை வாரம் ஒருமுறை ஆறிலும் ஸ்க்ரேப்-டவுன் சாம்பிள் எடுங்கள். லோடு நிலையாக இருக்கும்போது, ட்ரெயின் குழாயை முதலில் கழுவிவிட்டு எடுக்கணும். எஞ்சின் ஓடும்போது குவில் குழாய்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக ஒன்று இருந்தால் அதன் நான்-ரிட்டர்ன் வால்வு வழியே கேஸ் திரும்பி வருகிறது.