மறு: மறு: கடத்து ஆர்.என்.ஏ துண்டுகளுக்கு என்ன பெயர்?

ஐயா, வணக்கம்.

> ‘கடத்து ஆர்.என்.ஏ சிதைவு’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் பொருள் கெடுகிறதே! சிதைவு என்றால் இற்று உதிர்வது. கடத்து ஆர்.என்.ஏ (tRNA) என்பது புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் மூலக்கூறு. அதற்கு இங்கே நடப்பது வெட்டு. செல்லுக்கு நெருக்கடி வந்தால் ஆஞ்சியோஜெனின் என்னும் நொதி, அதன் எதிர்க்கோடான் வளையத்தில் (மரபுக் குறியைப் படிக்கும் பகுதியில்) கத்தி வைக்கிறது. 76 முதல் 90 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ சங்கிலியின் கண்ணி) நீளமுள்ள மூலக்கூறு இரண்டு பாதியாகிறது. அந்தப் பாதிகளில் சில, புரத உற்பத்தியை அடக்கும் வேலைக்குப் போகின்றன. எலிகளின் குருதியில் உலவும் முன்பாதிகள் சிலவற்றின் அளவு மூப்போடு கூடவோ குறையவோ செய்கிறது. உணவின் கலோரியைக் குறைத்தால் அந்த மாற்றம் தடைபடுகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. சேதி சொல்கிற பொருளைக் குப்பைப் பெயரால் அழைக்கலாமா?

‘துண்டு’ வேண்டாம். சென்ற சனிக்கிழமை மயிலாப்பூரில் பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னபோது, முன்வரிசைப் பையன் தன் தோளைத் தட்டிக் காட்டினான். (‘கடத்து’ என்றதும் ‘மீனம்பாக்கத்திலா?’ என்று கேட்டவனும் அவன்தான். தங்கக் கடத்தல் செய்தியை நாள்தோறும் படிப்பான் போலும். ஆனாலும் பாடநூலில் ஊன்றிவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம்.)

நான் முன்வைப்பது ‘நறுக்கு’. ஓலை நறுக்கு என்கிறோம் அல்லவா? வெட்டப்பட்டது, சிறியது, சேதி தாங்கியது: மூன்றும் அதில் இருக்கின்றன. ‘கடத்து ஆர்.என்.ஏ நறுக்கு’.

தாங்கள் கேட்ட மற்றொன்று: ‘regulation’ என்பதற்குக் ‘கட்டுப்பாடு’ சரியா? தடை உத்தரவு போல ஒலிக்கிறது. ‘நெறிப்படுத்தல்’ என்பேன். டி.என்.ஏவிலிருந்து கடத்து ஆர்.என்.ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ்-3 நொதியைச் சற்றே மட்டுப்படுத்தியதும் ஈஸ்ட், புழு, பழ ஈ ஆகியவற்றின் ஆயுள் நீண்டதாக 2017இல் கண்டார்கள். முழுதாக நிறுத்தினால் உயிரே போய்விடும், அளவுதான் செய்தி.

---

அம்மா,

நெறிப்படுத்தல் எனக்கும் சம்மதம். நறுக்கு என்றால் எங்கள் வீட்டில் வெங்காயம்தான் நினைவுக்கு வரும். ஏவல் போல இருக்கிறது. ‘நறுக்கல்’ ஆக்கலாமா?

---

ஐயா,

‘நறுக்கல்’ ஆக்கினால் வெங்காயம் தங்கிவிடும், ஓலை போய்விடும். வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன். வேறு மறுப்பு வராவிட்டால் விக்சனரி இணைய அகராதியில் ‘நறுக்கு’ என்றே ஏற்றிவிடுகிறேன்.